டிங்கி இரண்டாம் தடவை ஏன் கடுமையாகிறது?

மாணவர்களே, சின்னம்மை ஒரு தடவை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. டிங்கி அப்படியில்லை. கம்போங் மேடான் போன்ற நெருக்கமான அடுக்குமாடிப் பகுதிகளில் இரண்டாம் தடவையும் வரக்கூடும். பயப்பட வேண்டியதும் அதற்குத்தான்.

டிங்கி நச்சுயிரியில் 4 வகைகள் உண்டு. ஏடிஸ் கொசு கடித்து ஒரு வகை உள்ளே நுழைந்ததும், உடல் அதற்கேற்ற எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. பிறகு அந்த வகை நம்மை அசைக்காது. சில ஆண்டுகள் கழித்து வேறொரு வகை வந்தால்? பழைய எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்; ஆனால் அடக்க வலு போதாது. எதிர்ப்பொருள் ஒட்டிய கிருமியை வெள்ளையணு வழக்கம்போல் விழுங்குகிறது. நச்சுயிரி பெருகும் இடமே அந்த வெள்ளையணுதான்! காவல்காரரே திருடனை உள்ளே விட்ட கதை.

இப்படிப் பெருகும்போது உடலின் எதிர்வினையும் எல்லை மீறுகிறது. நுண்குழாய்களிலிருந்து இரத்த நீர் கசிகிறது. இரத்த அழுத்தம் இறங்கலாம். இது பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையில் நடக்கிறது. சூடு குறைந்துவிட்டதென்று பள்ளிக்குக் கிளம்பிவிடாதீர்கள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

கொசுவையே மாற்றும் முயற்சியும் நம் பக்கத்திலேயே நடந்தது. பெட்டாலிங் ஜெயாவின் மெந்தாரி கோர்ட் உட்பட கிள்ளான் பள்ளத்தாக்கின் சில இடங்களில், வோல்பாக்கியா பாக்டீரியா கொண்ட ஏடிஸ் கொசுக்களைப் பறக்கவிட்டார்கள். அவற்றின் உடலில் டிங்கி நச்சுயிரி எளிதில் பெருகாது. அவ்விடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளியான ஆய்வு கூறியது.