திறப்பு ஆணியில்தான் தொங்கியது

ஸ்காபரோ

அன்புள்ள மருமகளுக்கு,

புது வேலைக்குப் போய்வர நீ கார் பார்க்கிறாய் என்று அக்கா சொன்னா. பெரிய எஸ்யூவி ஒன்றில் கண் வைத்திருக்கிறாயாம். சந்தோஷம். கையெழுத்து வைக்க முதல் இதை ஒருக்கால் வாசி.

எங்கள் கார் களவுபோன கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அன்றிரவு நல்ல பனி. விடியக்காலை வேலைக்கு வெளிக்கிட்டுக் கதவைத் திறந்தால் வெளியே எல்லாம் வெள்ளை. கார் நின்ற இடத்தில் மட்டும் நீள்சதுரமாகத் தார் கறுத்துத் தெரிந்தது. அங்கிருந்து தெருவரைக்கும் இரண்டு டயர்த் தடம். உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. திரும்பிப் பார்த்தேன். திறப்பு கதவோரத்து ஆணியில்தான் தொங்கியது. வீட்டுக்குள் வந்ததும் கை தானாக அந்த ஆணிக்குப் போவது ஊர்ப் பழக்கம்.

இந்தக் காலத்துத் திறப்பு, கார் கூப்பிட்டால் ரேடியோ அலையில் பதில் சொல்லும். கள்ளரில் ஒருவன் உன் வாசற்கதவருகே கருவியோடு நிற்பான், மற்றவன் காரடியில். ஒருவன் பிடிக்கும் அலையை மற்றவன் காருக்குக் கொடுக்க, திறப்பு பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக் கணினியைச் செருகும் துளை வழியாகப் புதுத் திறப்பையே பதிந்துகொள்கிறவர்களும் உண்டு. 2007 செப்டம்பரிலிருந்து கனடாவில் புதுக் கார்களுக்கு, சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசர் கட்டாயம். வயரை உரசி ஸ்டார்ட் பண்ணிய பழைய கள்ளனைத்தான் அது மறித்தது.

களவுபோன கார் கண்டெய்னரில் ஏறினால், பிறகு பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலோ மத்திய கிழக்கிலோதான் இறங்கும். மொன்றியல் துறைமுகத்தில் 598 களவுக் கார்களை மீட்டதாக 2024 ஏப்ரலில் பொலிஸார் அறிவித்தார்கள். பெரும்பாலானவை ஒன்ராறியோவில் காணாமல் போனவை. எங்களுடையது அதில் இல்லை.

"காப்புறுதி காசு தந்ததுதானே மாமா?" என்பாய். காப்புறுதியும் ஒருவகைச் சீட்டுத்தான் பிள்ளை. இழப்பீடு எடுப்பவர் கூடினால் எல்லோருடைய கட்டுக்காசும் கூடும். 2023 இல் கார்க் களவுக்காக மட்டும் கனடாவில் கொடுத்த இழப்பீடு 150 கோடி டொலர். அதில் 100 கோடிக்கு மேல் ஒன்ராறியோவில். ஒருநாளும் கார் களவு கொடுக்காதவரும் அதில் பங்கு கட்டுகிறார். அதிகம் களவு போகும் மொடலை வைத்துக்கொண்டு பாதுகாப்புக் கருவி பூட்டாதவரிடம் மேலதிகமாக 500 டொலர் வரை கேட்ட நிறுவனங்களும் உண்டு. டொயோட்டா ஹைலாண்டர், ஹொண்டா சிஆர்-வி, லெக்ஸஸ் ஆர்எக்ஸ் எல்லாம் கள்ளருக்குப் பிடித்த பெயர்கள்.

அதனால் காரின் நிறத்தைப் பார்க்க முதல் காப்புறுதியின் விலையைக் கேள். மொடல், ஆண்டு, உன் விலாசம் மூன்றையும் சொல்லி இரண்டு மூன்று இடத்தில் விசாரி. சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதியில் களவு அடங்காது; கொம்பிரிஹென்சிவ் தனியாக எடுக்கவேண்டும். டிடக்டிபிள் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள், அது உன் கையிலிருந்து போகிற காசு. பின்சீற்றில் விட்ட என் லாப்டொப்புக்குக் கார்க் காப்புறுதி ஒரு சதமும் தரவில்லை. வீட்டுக் காப்புறுதியில் கேளுங்கள் என்றார்கள்.

களவெடுக்கவே முடியாத கார் என்று ஒன்று இல்லை. ஆனால் கள்ளன் நிமிடம் எண்ணுகிறவன். அவனுடைய நிமிடங்களைக் கூட்டுவதுதான் நம்முடைய வேலை. திறப்பை அலை புகாத பையில் போடு. பையோடு காரடிக்குப் போய்க் கதவு திறக்கிறதா என்று நீயே சோதித்துப் பார். ஸ்டியரிங்குக்கு இரும்புப் பூட்டுப் போடு, கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியட்டும். மெக்கானிக் கணினியைச் செருகும் அந்தத் துளைக்கும் பூட்டு விற்கிறார்கள். தேடிப்பிடிக்கும் கருவி ஒன்றைக் காருக்குள் ஒளித்து வை. கராஜ் இருந்தால் காரை உள்ளே விடு. நாங்கள் கராஜைப் பழைய பெட்டிகளுக்குக் கொடுத்துவிட்டுக் காரைப் பனியில் விட்டவர்கள். இரவில் சத்தம் கேட்டால் வெளியே இறங்காதே. கதவைப் பூட்டியபடி 911க்கு அடி. கார் போனால் இன்னொன்று வாங்கலாம்.

எங்கள் வீட்டு ஆணியில் இப்போது நாட்காட்டி தொங்குகிறது. விலை விசாரித்ததும் எனக்கு ஒரு கோல் எடு. ஸ்டியரிங் பூட்டு மாமாவின் செலவு.

அன்புடன்,
மாமா