தோளைக் காப்போம்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழர் பலர் வாழ்கிறார்கள். செம்பூரில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. அதன் பெயர் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம்.

நீச்சலில் சிறுவர்களும் சாதிக்கலாம். தமிழ்நாட்டைச் சேர்ந்த குற்றாலீஸ்வரன் 1994இல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தார். அப்போது அவருக்கு வயது 12. அதே ஆண்டில் மொத்தம் 6 நீர்வழிகளைக் கடந்தார். அதற்கு முன் மிகிர் சென் 1966இல் 5 கடந்ததே சாதனை.

நீந்துபவரை முன்னே இழுப்பது பெரும்பாலும் கைகள்தான். ஒரு சிறுவன் 1 கிலோமீட்டர் நீந்தினால் சுமார் 1,000 முறை கை வீசுவான். அத்தனை பாரமும் தோளில் விழுகிறது.

தோள் மூட்டு எப்படி இருக்கிறது? சின்னத் தட்டில் பெரிய எலுமிச்சம்பழம் வைத்ததுபோல இருக்கிறது. பழம் உருளாமல் பிடித்திருப்பவை 4 சிறிய தசைகள். நீந்தும்போது மார்புத் தசைகள் அதிகம் வலுக்கும். முதுகுப் பக்கத் தசைகள் பின்தங்கும். அப்போது தோள் முன்னால் வளையும். தசைநார் உரசி வலிக்கும்.

இதைத் தடுக்க மூன்று பயிற்சிகள்:

1. நிமிர்ந்து நிற்க வேண்டும். இரு தோள்களையும் பின்னால் நெருக்கி, 5 எண்ணும் வரை நிறுத்த வேண்டும். 10 முறை செய்யலாம்.

2. சுவரில் இரு கைகளையும் ஊன்ற வேண்டும். முழங்கையை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். 10 முறை.

3. பழைய சைக்கிள் டியூபை மெல்லிய பட்டையாக வெட்டி, ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும். ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, தள்ளியிருக்கும் கையால் பட்டையைப் பிடிக்க வேண்டும். முழங்கையை மடக்கி, இடுப்போடு ஒட்டி வைக்க வேண்டும். முன்கையை மட்டும் வெளிப்பக்கம் மெல்ல இழுத்து, மெல்ல விட வேண்டும். ஒவ்வொரு கைக்கும் 10 முறை.

வாரம் 3 நாள் போதும். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும்.

பிள்ளை தலை சீவும்போது முகம் சுளிக்கிறதா? அந்தப் பக்கம் படுக்க முடியவில்லையா? "பொறுத்துக்கொள், பதக்கம் வாங்கலாம்" என்று சொல்லக் கூடாது. சுளுக்கு என்று நினைத்துக் கையை முறுக்கி இழுக்கவும் கூடாது. தாராவிக்கு அருகே சயான் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. அங்கே எலும்பு மருத்துவரிடம் காட்டலாம்.

வலியை மறைக்கும் பிள்ளை பாதியில் நீச்சலை விட வேண்டி வரும். வலியைச் சொல்லும் பிள்ளை நீண்ட நாள் நீந்தும். பிள்ளை பயப்படாமல் சொல்ல வேண்டும். பெற்றோர் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

யோசியுங்கள்:
1. தோள் மூட்டை எத்தனை தசைகள் பிடித்திருக்கின்றன?
2. வலியைப் பிள்ளைகள் ஏன் மறைக்கிறார்கள்?