டர்பைன் பைக்: பின் சக்கரம் வழுக்கினால்?

கேள்வி: அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் நடக்கும் வேக ஓட்டங்களை விடாமல் பார்ப்பவன் நான். டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். பழைய லாரி டர்போசார்ஜரை வைத்து டர்பைன் எஞ்சின் கட்டி, மோட்டார்சைக்கிளில் பூட்டி அப்படி ஓட முடியுமா? ஜெட் மாதிரி உந்தித் தள்ளுவதா, சக்கரத்தைச் சுழற்றுவதா, எது சரி?

பதில்: எஞ்சின் ஓடும், தம்பி. அதில் சந்தேகம் வேண்டாம். கம்ப்ரஸரும் டர்பைனும் ஒரே ஷாஃப்டில் டர்போவிலேயே இருக்கின்றன. நடுவில் ஓர் எரிகலன், மண்ணெண்ணெய், ஒரு ஸ்பார்க் பிளக், ஆயில் பம்பு சேர்த்தால் போதும். வீட்டுக் கொல்லையிலேயே ஓட்டிக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் கிடைக்கும் உந்துவிசை சில பத்து கிலோதான். வேகம் இரட்டித்தால் காற்றை வெல்லத் தேவையான குதிரைத்திறன் எட்டு மடங்காகிறது. சத்தம் ஊரைக் கூட்டும். வண்டி நெடுஞ்சாலை பஸ்ஸை முந்துவதே பெரும்பாடு.

ஜெட்டா சக்கரமா என்பதில் ஒரு பழைய வழக்கே உண்டு. 1963-இல் கிரெய்க் பிரீட்லவ் மூன்று சக்கர ஜெட் வண்டியில் மணிக்கு 407 மைல் தொட்டார். நான்கு சக்கரம் இல்லை, சக்கரத்துக்கு விசையும் போகவில்லை என்று கார்களுக்கான எஃப்.ஐ.ஏ. கைவிரித்தது. மோட்டார்சைக்கிள்களுக்கான எஃப்.ஐ.எம். அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது! விதிப்புத்தகத்தை முதலில் படியுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். என் ஓட்டு சக்கரத்துக்கே.

அதற்கு ஓர் உதாரணம்: லூசியானாவின் எம்.டி.டி. நிறுவனம் 2000 வாக்கில் கொண்டுவந்த டர்பைன் பைக்கில் இருப்பது ஹெலிகாப்டர்களுக்கான அலிசன் 250 எஞ்சின். எடை அறுபது கிலோ சொச்சம். திறன் 300 குதிரைக்கு மேல். உள்ளே இரண்டு டர்பைன்கள். ஒன்று நிமிடத்துக்கு 50,000 சுற்று அளவில் கம்ப்ரஸரை ஓட்டுகிறது. மற்றொன்றுக்கும் அதற்கும் இரும்புத் தொடர்பு கிடையாது, நடுவில் சூடான வாயு மட்டுமே. அந்த இரண்டாவதுதான் கியர்கள் வழியே 6,000 சுற்றாக வேகம் குறைந்து சக்கரத்துக்குப் போகிறது.

ஆபத்தும் அந்த இரண்டாவதில்தான். உப்பில் பிடி குறைவு. பின் சக்கரம் வழுக்கிய கணத்தில் டர்பைனின் சுமை காணாமல் போகிறது. அது கட்டுமீறிச் சுழன்று, வட்டே வெடித்துச் சிதறலாம். ஹெலிகாப்டரில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர், பாரமான விசிறியின் நிதானமான மாற்றங்களுக்குப் பழகியது. வழுக்கும் டயரின் அவசரத்துக்கு அது போதாது. சுழற்சியை அளந்து நொடிப்பொழுதில் எரிபொருளை அறுக்கும் கட்டுப்பாடு தனியாக வேண்டும். உங்கள் உழைப்பில் பெரும்பகுதி எஞ்சினுக்கு அல்ல, இதற்குத்தான் போகும்.

டான் வெஸ்கோவைப் பாருங்கள். 1975-இல் மோட்டார்சைக்கிளில் 300 மைல் வேகத்தை முதலில் தாண்டியவர் அவர்தான். அப்படிப்பட்டவரே, 2001-இல் சினூக் ஹெலிகாப்டரின் எஞ்சின் வகையைக் கொண்டு மணிக்கு 458 மைல் வேகத்தில் ஓடியபோது, நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் வண்டியில்தான் உட்கார்ந்தார்.

இன்னும் இரண்டு. பிஸ்டன் எஞ்சின்போல ஆக்சிலரேட்டரை விட்டதும் டர்பைன் வண்டியை இழுத்துப் பிடிக்காது, பாராசூட் கட்டாயம். தவிர, பான்வில் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,285 மீட்டர் உயரம். ஆகஸ்ட் வெயிலில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், டர்பைனின் பலமும் அதோடு இறங்கும்.

2010-இல் மணிக்கு 605 கி.மீ. தாண்டிச் சாதனை படைத்த 'ஆக் அட்டாக்' ஸ்ட்ரீம்லைனர் மோட்டார்சைக்கிளில் இருந்தவை டர்போ ஏற்றிய இரண்டு சுசுகி ஹயபூசா எஞ்சின்கள். ஓடத்தான் ஆசை என்றால் அந்த வழியில் போங்கள். லாரி டர்போவை டர்பைனாக்கும் ஆசையை மேசையில் தீர்த்துக்கொள்ளலாம்: ஆயில் அழுத்தம் ஏறிய பிறகே சுழற்றுங்கள், புகைவாயிலின் வெப்பத்தையும் சுற்றையும் மீட்டரில் பாருங்கள், சுற்றிலும் கனத்த இரும்புத் தகடு வையுங்கள். டர்பைன் சக்கரம் சுழலும் தளத்துக்கு நேரே ஒருவரும் நிற்க வேண்டாம். உடைந்தால் துண்டுகள் அந்தப் பக்கம்தான் பாயும்.