வீட்டு மின்கம்பியும் ஜெனரேட்டரும்

ஐப்பசியும் கார்த்திகையும் நம் கடற்கரை மாவட்டங்களுக்கு மழையைக் கொணரும் மாதங்கள். சில ஆண்டுகளில் அவை புயலையும் உடன் கொணர்கின்றன. 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் கடலூர்ப் பகுதியைத் தாக்கிய தானே புயலும், 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் பொழுது விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயலும் பல்லாயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்துச் சென்றன. கஜாவுக்குப் பின்னர் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல நாட்கள், சில ஊர்களில் வாரக்கணக்கில், மின்சாரமின்றி மக்கள் அல்லலுற்றனர். மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றவும் கைப்பேசிகளுக்கு உயிரூட்டவும் வாடகை ஜெனரேட்டர்கள் ஊர் ஊராகச் சென்ற காட்சியை அப்பகுதியினர் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் மட்டுமே காணப்பட்ட ஜெனரேட்டர், கையால் தூக்கிச் செல்லக்கூடிய சிறு வடிவில், இன்று கிராமங்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. நோயாளிக்கு மருந்து குளிர்ச்சியில் இருக்க வேண்டும். பிள்ளைகள் படிக்க வெளிச்சம் வேண்டும். ஆகவே இதனை ஆடம்பரமென்று நாம் ஒதுக்குவதற்கில்லை. ஆனால் இவ்வியந்திரத்தை வீட்டு ஒயரிங்குடன் எவ்வாறு இணைப்பது என்பதில் நம்மிடையே பரவியுள்ள பழக்கம் மிகவும் அபாயகரமானது. அதனைப் பற்றியே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறோம்.

இரு முனைகளிலும் பிளக் பொருத்திய ஓர் ஒயரை எடுத்து, ஒரு முனையை ஜெனரேட்டரிலும் மறு முனையை வீட்டுச் சுவரிலுள்ள ஏதேனும் ஒரு பிளக் துவாரத்திலும் செருகிவிடுகிறார்கள். வீடு முழுவதும் விளக்கெரிகிறது. வேலை எளிதில் முடிந்ததென்று மகிழ்ச்சியும் உண்டாகிறது. அந்த ஒயர் தற்செயலாகக் கழன்று விழுமாயின், அதன் பித்தளை முனைகள் உறையின்றி 230 வோல்ட்டுடன் தரையில் கிடக்கும். குழந்தையொன்று அதனை எடுத்துப் பார்த்தால் என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. எனினும் இதனினும் பெரிய கேடு வீட்டுக்கு வெளியே, கண்ணுக்குப் புலப்படாத தூரத்தில் நிகழ்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கே பாயும். ஏரியிலிருந்து வயலுக்கு வந்த நீர் மீண்டும் ஏரிக்கு ஏறுவதில்லை. மின்சாரத்திற்கு அத்தகைய நியதி கிடையாது. கம்பி தொடர்ந்திருக்கும் திசையெல்லாம் அது செல்லும். நம் ஜெனரேட்டர் வீட்டுக் கம்பிக்கு மின்சாரம் தரும்பொழுது, மெயின் ஸ்விட்ச் திறக்கப்படாவிட்டால், அம்மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பத்திற்கும், அங்கிருந்து ஊர் எல்லையிலுள்ள டிரான்ஸ்பார்மருக்கும் சென்று சேரும். டிரான்ஸ்பார்மரோ இரு திசையிலும் வேலை செய்யும் கருவி. மேலிருந்து வரும் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தரும் அதே கருவி, கீழிருந்து வரும் 230 வோல்ட்டைச் சுமார் 10,000 வோல்ட்டாக உயர்த்தி மறுபக்கக் கம்பிகளில் ஏற்றிவிடும்.

அந்தக் கம்பியின் மீது அப்பொழுது யார் இருக்கிறார் என்பதே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் வெளி மாவட்டங்களிலிருந்து லாரிகளில் வந்திறங்கும் லைன்மேன்கள், சேற்றில் கம்பம் நட்டு, அறுந்த கம்பிகளை முடிந்து கொண்டிருப்பார்கள். துணை மின்நிலையத்தில் பீடர் நிறுத்தப்பட்டிருக்கும். டிரான்ஸ்பார்மர் அருகில் ஸ்விட்ச் திறக்கப்பட்டிருக்கும். கம்பியில் உயிரில்லை என்னும் நம்பிக்கையிலேயே அவர்கள் மேலேறுகிறார்கள். வேலை தொடங்குமுன் எர்த் ராடு கொண்டு கம்பிகளைத் தரையுடன் இணைப்பது அவர்களது விதி. அவ்விதி பல உயிர்களைக் காத்திருக்கிறது. எனினும் இரவு பகலாக உழைத்துக் களைத்த மனிதர் ஒருவர் அதனை ஓரிடத்தில் விட்டுவிடின், அந்தச் சோர்வுக்கு விலை அவர் உயிராக இருக்கக் கூடாது.

சிறிய ஜெனரேட்டர் ஊர் முழுவதற்கும் மின்சாரம் தர இயலாது, பளு தாங்காமல் நின்றுவிடும், ஆகவே அபாயமில்லை என்று வாதிடுவோர் உண்டு. தெருக் கம்பி முழுமையாக இருக்கும் சாதாரண நாளில் அவர்கள் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. புயற்காலத்தின் நிலையோ வேறு. நம் வீட்டிற்கும் அண்டை வீடுகளுக்கும் இடையே கம்பி அறுந்து கிடக்கும். பளுவே இல்லாத அந்தத் துண்டுக் கம்பியில் நம் ஜெனரேட்டரின் முழு வோல்ட்டேஜும் குறையாது நிற்கும். லைன்மேன் கை வைக்கப்போவதும் அறுந்த அந்த இடத்தில்தான்.

மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் ஜெனரேட்டரை இணைக்கிறோம் என்று கூறுவோரையும் நாம் அறிவோம். அணைப்பது நல்லதே. ஆயினும் இருட்டில், மழையில், அவசரத்தில் அணைக்க மறப்பது மனித இயல்பு. வீட்டுக்காரர் மறவாதிருப்பினும், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் நல்லெண்ணத்துடன் அதனைப் போட்டுவிடக்கூடும். சிலர் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கின்றனர். அதனால் பேஸ் கம்பி மட்டுமே பிரிகிறது. நியூட்ரல் கம்பி தெருவுடன் இணைந்தே இருக்கிறது. மேலும், மின்வாரியத்தின் மின்சாரம் எதிர்பாராமல் திரும்பி வரும்பொழுது இரண்டும் மோதினால் ஜெனரேட்டரின் சுருள் கருகும், தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே நினைவாற்றலை நம்பிய ஏற்பாடு எதுவும் போதாது. இரு மின்சாரமும் ஒருங்கே சேர முயன்றாலும் சேர முடியாத ஏற்பாடே தேவை.

அவ்வேற்பாடு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் என்னும் எளிய பெட்டியே ஆகும். இதற்கு ஒரே கைப்பிடி, மூன்று நிலைகள். ஒரு பக்கம் தள்ளினால் வீட்டுக் கம்பி மின்வாரியத்துடன் சேரும். மறு பக்கம் தள்ளினால் ஜெனரேட்டருடன் சேரும். நடுவில் நிறுத்தினால் இரண்டுமில்லை. ஒன்றைப் பிரிக்காமல் மற்றொன்றுடன் சேர்க்க அந்தக் கைப்பிடியால் இயலாது. ஒரு பேஸ் இணைப்புள்ள வீட்டிற்கு, பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் இரு துருவ ஸ்விட்சே வாங்க வேண்டும். விலை குறைவென்று பேஸை மட்டும் மாற்றும் கருவியை ஏற்க வேண்டாம். மீட்டர், மெயின் ஸ்விட்ச் ஆகியவற்றிற்குப் பின்னும், வீட்டின் பகிர்வுப் பலகைக்கு முன்னும் இதனைப் பொருத்துவது முறை. உரிமம் பெற்ற ஒயர்மேனே இதனைச் செய்ய வேண்டும்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில் நான்கு துருவ ஸ்விட்ச் தேவை. அங்கு ஒரு பேஸ் ஜெனரேட்டரைக் கொண்டு மூன்று பேஸ் கம்பிகளையும் ஒன்றாகக் கட்டி ஓட்டுவதைக் காண்கிறோம். அவ்வாறு செய்தால் மூன்றின் மின்னோட்டமும் கூடி ஒரே நியூட்ரல் கம்பியின் வழியாகத் திரும்பும். மூன்று பேஸ் மோட்டாரும் ஓடாது. அவசியமான விளக்கு, விசிறிகளை ஒரு பேஸில் ஒதுக்கி, அதற்கு மட்டும் ஜெனரேட்டர் வசதி செய்துகொள்வது மேல்.

ஜெனரேட்டரிலிருந்து வரும் ஒயரைச் செருகுவதற்கு வெளிச்சுவரில் மூடியுள்ள ஒரு பெட்டி அமைக்கலாம். அதில் முனைகள் சுவர்ப்பக்கம், பெட்டிக்குள் மறைவாக இருக்க வேண்டும். ஒயரின் முனையில் துவாரமுள்ள சாக்கெட் இருக்க வேண்டும். அப்பொழுது ஒயர் கழன்றாலும் உயிருள்ள முனை எதுவும் வெளியே தெரியாது. 2,000 வாட் ஜெனரேட்டர் தருவது ஏறத்தாழ 9 ஆம்பியரே எனினும், தூரத்தைக் கருதி 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் குறையாததை உபயோகிப்பது நலம்.

எர்த்தைப் பற்றி ஒயர்மேனிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் கம்பி எர்த்துடன் சேர்க்கப்படாமலே வருகிறது. அந்நிலையில், கசிவை உணர்ந்து துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி நம் வீட்டில் இருந்தும் பயன்படாது போகலாம். அக்கருவியின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அப்பொழுதும் அது துண்டித்துக் காட்டும். அதனால் ஏமாறுதல் கூடாது. நியூட்ரலை எங்கே எர்த்துடன் சேர்ப்பது என்பதை ஒயர்மேன் ஆராய்ந்து முடிவு செய்யட்டும்.

சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் பொருத்த வசதியில்லாதோர் வீட்டு ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். ஜெனரேட்டரிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி மூலம் இரண்டு விளக்கு, ஒரு மேசை விசிறி, குளிர்பெட்டி என நேரே ஓட்டிக்கொள்ளலாம். அழகில்லாத முறைதான், ஆயினும் தெருக் கம்பிக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பளுவைக் கணக்கிடுவதும் அவசியம். எட்டு எல்.இ.டி. விளக்குகள் 72 வாட், மூன்று விசிறிகள் 225, தொலைக்காட்சி 100, குளிர்பெட்டி 150 எனக் கொண்டால் மொத்தம் 547 வாட். 2,000 வாட் இயந்திரம் இதனை எளிதில் தாங்கும். ஆனால் குளிர்பெட்டி கிளம்பும் கணத்தில் பன்மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே அதனை முதலில் போட்டு, மற்றவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட்டை இத்தகைய சிறு இயந்திரத்தில் ஓட்ட நினைப்பது வீண்.

மழை பெய்கிறதென்று ஜெனரேட்டரைத் தாழ்வாரத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ வைப்பதும் நம்மிடம் உள்ள வழக்கம். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உள்ளது. நிறமில்லை, மணமில்லை, உறங்குவோர் உறக்கத்திலேயே மடிவர். சன்னலைத் திறந்துவைத்தால் போதும் என்பதும் தவறு. வீட்டின் கதவு சன்னல்களிலிருந்து 20 அடியேனும் தள்ளி, நான்கு புறமும் திறந்த தகரக் கூரையின் கீழ், தரையினின்று உயர்த்திய மேடைமீது வைத்தால் மழையும் படாது, புகையும் வீட்டினுள் வாராது. எண்ணெய் ஊற்றுவதற்கு இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான உருளையில் பெட்ரோல் சிந்தினால் தீப்பற்றும்.

இயக்கும் வரிசை எளிது. கைப்பிடியை நடுவில் நிறுத்தி, வீட்டு ஸ்விட்சுகளையெல்லாம் அணைத்து, ஜெனரேட்டரைக் கிளப்பிச் சிறிது நேரம் ஓடவிட்டு, பின்னர் கைப்பிடியை அதன் பக்கம் தள்ள வேண்டும். மின்வாரியப் பக்கத்தில் ஒரு சிறு அடையாள விளக்கு பொருத்தியிருந்தால் மின்சாரம் திரும்பியது தெரியும். அப்பொழுது விளக்குகளை அணைத்து, கைப்பிடியை மாற்றிய பிறகே இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

ஊராட்சிகளும் தங்கள் குடிநீர் மோட்டார் அறைகளைப் பார்வையிடுவது நன்று. புயலுக்குப் பின் வாடகை ஜெனரேட்டருடன் வருபவர் பெரும்பாலும் அவ்வூருக்குப் புதியவர். எந்தக் கம்பி எதனுடன் செல்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அகப்பட்ட இடத்தில் கிளிப்பைக் கவ்வவிட்டு மோட்டாரை ஓட்டிவிட்டுப் போவார். மோட்டாருக்கேற்ற நான்கு துருவ சேஞ்ச் ஓவர் ஸ்விட்சும் செருகும் பெட்டியும் முன்கூட்டியே அங்கே இருக்குமாயின், அதற்கு வழியே இராது. புரட்டாசி முடியுமுன் இவ்வேலையை முடித்து, எந்தத் தெருவில் எத்தனை ஜெனரேட்டர்கள் உள்ளன என்ற பட்டியலொன்றை மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து வைத்தால், கம்பமேறும் லைன்மேன் எந்த வீடுகளை முதலில் விசாரிக்க வேண்டும் என்பதை அறிந்திருப்பார்.