ஊசி இல்லாம மூளையைப் படிக்கலாம், ஆனா மணி பார்க்கணும்!

கடலூர்ல இருந்து சிதம்பரம் காலேஜுக்கு பஸ்ல வர்றவங்களா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்.

போன செமஸ்டர்ல ஒரு நாள் காலை. புதுச்சத்திரம் தாண்டினதும் முன் சீட்டில் இருந்த ஜூனியர் தம்பிக்கு ஃபிட்ஸ் வந்துடுச்சு. "சாவி குடுங்க, சாவி!"ன்னு பஸ்ஸே கத்துச்சு. நானும் பைக் சாவியை எடுத்து நீட்டினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்ககிட்ட கேட்டது மூணே கேள்வி. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது? எவ்வளவு நேரம் இருந்தது? எந்தக் கை முதல்ல இழுத்தது? நாற்பது பேர்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல.

அந்தக் கேள்விகள் ஏன் முக்கியம்னு, ஏ.எஸ்.எல். என்கிற ஸ்கேனைப் பத்திப் படிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சது.

ரத்த ஓட்டம் எதுக்கு?

மூளை செல்கள் கூட்டமா, கட்டுப்பாடில்லாம மின்சிக்னல் அனுப்புவதுதான் வலிப்பு. அதிகமா வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் அதிகம் தேவை. அதனால் வலிப்பு நடக்கும்போது, அது தொடங்கும் இடத்தில் ரத்த ஓட்டம் கூடும். வலிப்பு இல்லாத நேரத்தில் அதே இடத்தில் பெரும்பாலும் குறைஞ்சிருக்கும்.

சுமார் மூணில் ஒருத்தருக்கு மாத்திரையால் மட்டும் வலிப்பு அடங்குறதில்ல. அவங்களில் சிலருக்கு ஆபரேஷன் உதவும். ஆனா எந்த இடம்னு தெரியணும். வேலூர் சி.எம்.சி.யில் 1952-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வலிப்புக்கு ஆபரேஷன் செய்தபோது எம்.ஆர்.ஐ.யே கிடையாது. பின்னாடி வந்த ஸ்பெக்ட் ஸ்கேனில், வலிப்பு தொடங்கிய சில நொடிகளுக்குள் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏத்தணும். ஏ.எஸ்.எல்.லுக்கு ஊசியே வேண்டாம். ஜான் டெட்ரேவும் அவர் குழுவும் 1992-இல் எலி மூளையில் இதைச் செய்து காட்டினாங்க.

எப்படி வேலை செய்யுது?

ஆனித் திருமஞ்சனத்தன்னைக்கு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்குற எல்லார் கையிலும் மை முத்திரை குத்துறோம்னு வைங்க. கொஞ்ச நேரம் கழிச்சு நாலு வீதியிலும் முத்திரைக் கைகளை எண்ணினா, எங்கே எவ்வளவு கூட்டம் போகுதுன்னு தெரிஞ்சிடும். சீக்கிரம் எண்ணினா ஆள் வந்திருக்காது. லேட்டானா வேர்வையில் மை அழிஞ்சிருக்கும்.

இங்கே பஸ் ஸ்டாண்ட் கழுத்து, கூட்டம் ரத்தத்தில் உள்ள தண்ணீர், முத்திரை ரேடியோ அலை. அந்த அலை ஹைட்ரஜன் அணுக்களின் காந்தத் திசையைத் தலைகீழாக்கும். சுமார் 2 நொடி கழிச்சு மூளையைப் படம் எடுப்பாங்க. அடுத்து முத்திரை குத்தாம ஒரு படம். ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சா, மிஞ்சுறது புதுசா வந்த ரத்தம் மட்டும்.

முத்திரை கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் மாதிரி அழியும். 3 டெஸ்லா மெஷினில் டைம் கான்ஸ்டன்ட் சுமார் 1.65 நொடி. மிஞ்சும் சிக்னலும் மொத்தத்தில் 1 சதவீதம் அளவுதான். அதனால பல ஜோடிப் படம் எடுத்து சராசரி பார்ப்பாங்க. 36 ஜோடி எடுத்தா இரைச்சல் ஆறில் ஒரு பங்காகும். நம்ம சிக்னல்ஸ் பேப்பர் பாடம்தான்! சுமார் 5 நிமிஷ வேலை. தலை அசைஞ்சா மட்டும் கழித்தல் கெட்டுப்போகும்.

படம் மட்டும் போதுமா?

போதாது. ஒரே இடம் வலிப்பின்போது பளிச்னு தெரியும், அப்புறம் மங்கலாத் தெரியும். கடைசி வலிப்பு எப்போன்னு தெரியாம அந்தப் படத்தை வாசிச்சா தப்பாகிடும். அதனால்தான் டாக்டர்கள் இ.இ.ஜி., சாதாரண எம்.ஆர்.ஐ., பார்த்தவங்க சொல்றது எல்லாத்தையும் சேர்த்து முடிவு பண்றாங்க. ஸ்கேன் மெஷினால் சொல்ல முடியாத அந்த நேரத்தை, பக்கத்து சீட்டில் இருக்கிற நீங்க சொல்லலாம்.

அடுத்த தடவை சாவியைத் தேடாதீங்க, அது வலிப்பை நிறுத்தாது. மொபைலில் மணி பாருங்க. எந்தப் பக்கம் முதல்ல இழுக்குதுன்னு கவனிங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில் எதையும் திணிக்காதீங்க, அழுத்திப் பிடிக்காதீங்க. 5 நிமிஷம் தாண்டினா 108-ஐக் கூப்பிடுங்க.

அந்தத் தம்பி இப்பவும் அதே பஸ்லதான் வர்றான். நானும்தான்.