"என்ன குரூப் எடுக்கலாம்?": வீட்டிலிருந்து அந்த போன் வரும்போது

மே மாசம் நம்ம எல்லாருக்கும் ஒரு போன் வரும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்னைக்கு சாயங்காலமோ மறுநாளோ, மாமா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கான்னு யாராவது கூப்பிடுவாங்க. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, நம்ம பையனுக்கு பிளஸ் ஒன்ல என்ன குரூப் எடுக்கலாம், சொல்லு." நாமளே செமஸ்டருக்கு முந்தின நாள் ராத்திரி படிக்கிற ஆளுங்கதான். ஆனா நிறைய வீடுகள்ல கல்லூரிக்குள்ள போன முதல் ஆள் நாமதான். அதனால நாம சொல்றதுதான் அங்க தீர்ப்பு.

நான் முதலாமாண்டு முடிக்கிற நேரத்துல அப்படி ஒரு போன் வந்தது. ஊர்ல இருந்து சித்தப்பா. "தம்பி, பாப்பா நல்ல மார்க் எடுத்திருக்கு. என்ன குரூப் போடலாம்?" நான் மெஸ்ஸுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தேன். "கம்ப்யூட்டர் சயின்ஸ் போடுங்க சித்தப்பா, இப்ப அதுக்குத்தான் ஸ்கோப்" என்றேன். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவரும் மறுநாளே போய்ச் சேர்த்துட்டார்.

இரண்டு வருஷம் கழிச்சு தங்கச்சியே கூப்பிட்டா. "அண்ணா, பி.எஸ்சி. நர்சிங் அப்ளிகேஷன்ல உயிரியல் மார்க் கேக்குது. நான் என்ன போடட்டும்?" வீட்டுல அப்பத்தாவுக்குத் தினமும் இன்சுலின் போட்டது அவதான். அவளுக்கு என்ன பிடிக்கும்னு அன்னைக்கு நான் கேக்கவே இல்லை. கணிதம் படிச்சவங்களும் பி.ஃபார்ம். சேரலாம் என்பது, விண்ணப்பிக்கக் கடைசி தேதி முடிஞ்ச பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. இப்போ அவ பி.எஸ்சி. வேதியியல் படிக்கிறா. நல்லாத்தான் படிக்கிறா. ஆனா அது அவ தேர்ந்தெடுத்தது இல்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது.

அடுத்த மே மாசம் உங்களுக்கு வரப்போற போனுக்காக இந்தக் கட்டுரை.

குரூப் நம்பரை விடுங்க, பாடத்தைக் கேளுங்க

"ஃபர்ஸ்ட் குரூப்", "செகண்ட் குரூப்", "தேர்டு குரூப்" என்று நாம சொல்றது பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒரு பள்ளியில செகண்ட் குரூப் என்றால் கணிதம்-கம்ப்யூட்டர் சயின்ஸ். இன்னொரு பள்ளியில அதே பேர்ல தாவரவியல்-விலங்கியல் இருக்கும். அதனால போன்ல பேசும்போது மொழிப்பாடம், ஆங்கிலம் தவிர மீதி நாலு பாடம் என்னென்னன்னு பேர் சொல்லிக் கேளுங்க. எது திறக்கும், எது மூடும் என்பது அந்த நாலு பாடத்துலதான் இருக்கு.

எது எதைத் திறக்கும்?

*இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல்:* பொறியியல், மருத்துவம் இரண்டுக்கும் தகுதி உண்டு. நர்சிங், வேளாண்மை, ஆர்க்கிடெக்சர் எல்லாமே திறந்திருக்கும்.

*இயற்பியல், வேதியியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ்:* பொறியியல், ஆர்க்கிடெக்சர், கணிதம், புள்ளியியல். என்.டி.ஏ. வழியாக கடற்படை, விமானப்படைக்கும் போகலாம்; அவங்களுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூணும் வேணும். மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங் மூடிடும்.

*இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்:* மருத்துவம், நர்சிங், வேளாண்மை, கால்நடை மருத்துவம். இதுல கடைசி இரண்டுக்கும் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். ஆனா பொறியியல் கவுன்சலிங் மூடிடும்.

*வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல், கூடவே வணிகக் கணிதமோ கணினிப் பயன்பாடுகளோ:* பி.காம்., பி.பி.ஏ., சி.ஏ., கம்பெனி செக்ரட்டரி. பொறியியலும் மருத்துவமும் கிடையாது.

*வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், புவியியல் சேர்ந்த கலைப் பிரிவு:* இலக்கியம், சட்டம், பொருளியல், இதழியல், சமூகப்பணி.

*தொழிற்கல்விப் பிரிவு:* பொறியியல் சார்ந்த தொழிற்கல்வி படிச்சவங்களுக்கு பொறியியல் கவுன்சலிங்கில் தனி ஒதுக்கீடு இருக்கு. இது நிறையப் பேருக்குத் தெரியறதே இல்லை.

பிளஸ் ஒன்னே வேண்டாம் என்பவங்களுக்கு பாலிடெக்னிக் இருக்கு. பத்தாவது முடிச்சதும் மூணு வருஷ டிப்ளமோ, அப்புறம் லேட்டரல் என்ட்ரியில் நேரா பி.இ. இரண்டாமாண்டு. உங்க கிளாஸ்லயே அப்படி வந்த நண்பர்கள் இருப்பாங்க. பட்டறையில் அவங்க கை எப்படி ஓடும்னு பார்த்திருப்பீங்க.

எந்தக் குரூப் எடுத்தாலும் மூடாத வழிகளும் உண்டு. ஐந்தாண்டு சட்டப்படிப்பு, சி.ஏ. ஃபவுண்டேஷன், என்.ஐ.டி., நிஃப்ட் மாதிரி டிசைன் நிறுவனங்கள் எல்லாம் பிளஸ் டூல என்ன பாடம்னு பார்க்கறதில்லை. யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-க்கும் ஏதாவது ஒரு பட்டம் போதும். 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. ஆரம்பிச்ச ஆன்லைன் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு பத்தாவதுல கணிதமும் ஆங்கிலமும் படிச்சிருந்தா போதும். பிளஸ் டூ எந்தப் பிரிவா இருந்தாலும் தகுதித் தேர்வு எழுதி உள்ளே போகலாம்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தக் கதவுகள் ஒரு பக்கமாத்தான் திறக்கும். கணிதம் படிச்சவர் பிளஸ் டூ முடிச்சுட்டு பி.காம். போகலாம், வரலாறு போகலாம், சட்டம் போகலாம். வணிகவியல் படிச்சவர் பி.இ. வர முடியாது. அதனால "எதைப் படிச்சா வேலை கிடைக்கும்" என்பதைவிட "எது மூடினா இந்தப் பிள்ளை வருத்தப்படும்" என்பதுதான் பிளஸ் ஒன் வாசல்ல கேக்க வேண்டிய கேள்வி.

நாம வழக்கமா சொல்ற மூணு தப்பான அறிவுரை

*ஒண்ணு: "சி.எஸ்.இ. போகணும்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கணும்."*

எடுக்கணும்னு அவசியமே இல்லை. நம்ம கட்-ஆஃபை ஞாபகப்படுத்திப் பாருங்க. கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. கணிதத்துல 90, இயற்பியல்ல 84, வேதியியல்ல 88 எடுத்தா, 90 + 42 + 44 = 176. நாலாவது பாடத்துல சதம் அடிச்சாலும் இந்த 176 மாறாது. அது கம்ப்யூட்டரா இருந்தாலும் சரி, உயிரியலா இருந்தாலும் சரி. உள்ளே வந்த பிறகும் அப்படித்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர்லயே பைத்தான் பாடம் இருக்கு. சிவிலோ மெக்கானிக்கலோ, எல்லாருக்கும் அடிப்படையிலிருந்தே ஆரம்பிக்கறாங்க.

கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம்னு சொல்லலை. பதினொன்றாம் வகுப்புல சி++, பன்னிரண்டாம் வகுப்புல பைத்தான் என்று பாடம் நல்லாவே இருக்கு. பிடிச்சா எடுக்கட்டும். சீட்டுக்காக எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

*இரண்டு: "பயோ-மேத்ஸ் எடுத்துட்டா ரெண்டு பக்கமும் சேஃப்."*

தகுதி அளவுல இது உண்மைதான். நடைமுறையில சுமையையும் பார்க்கணும். நீட்டுல 720 மதிப்பெண். அதுல பாதி, அதாவது 360, உயிரியல்ல இருந்து வருது. பொறியியல் கட்-ஆஃப்ல பாதி கணிதம். ரெண்டையும் இழுத்துப் பிடிக்கிற பிள்ளைங்க இருக்காங்க. ஆனா பதினேழு வயசுல இரண்டு குதிரையில உக்கார வெச்சா நிறையப் பேர் நடுவுல விழுறாங்க. இரண்டுலயும் உண்மையான ஆர்வம் இருந்தா, அல்லது எது பிடிக்கும்னு தெரிஞ்சுக்க இன்னும் கொஞ்சம் நேரம் வேணும்னா, எடுக்கலாம். "எதுக்கும் இருக்கட்டும்" என்பது மட்டும் காரணமா இருந்தா வேண்டாம்.

*மூணு: "மார்க் கம்மியா? அப்ப காமர்ஸ் போட்டுடு."*

மூணுலயும் மோசமானது இதுதான். வணிகவியல் மிச்சம் மீதி பாடம் இல்லை. சி.ஏ. ஃபவுண்டேஷன்ல நாலு தாள்: கணக்குப் பதிவியல், வணிகச் சட்டங்கள், குவாண்டிடேட்டிவ் ஆப்டிட்யூட், வணிகப் பொருளியல். கணக்குக்குப் பயந்து அந்தப் பக்கம் போறவரை அங்கேயும் ஒரு கணக்குத் தாள் காத்துக்கிட்டு இருக்கு. டெல்லி பல்கலைக்கழகத்துல பி.ஏ. பொருளியல் ஆனர்ஸ் சேரவே பிளஸ் டூல கணிதம் வேணும். ஆக, காமர்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு முடிஞ்சா வணிகக் கணிதம் இருக்கிற பிரிவைச் சொல்லுங்க. அதை எந்தப் படிப்புக்குக் கணிதமா ஏத்துக்குவாங்க என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சேரறதுக்கு முன்னாடியே அந்தந்தக் கல்லூரியின் தகவல் கையேட்டைப் பார்த்துடணும்.

கணிதம் பற்றி ஒரு உண்மை

மேலே சொன்னதைப் படிச்சா "எல்லாரையும் கணிதத்துல தள்ளிடலாம், கதவு மூடாது" என்று தோணும். தள்ளிவிட்டா என்ன ஆகும்னு நம்மளைவிட நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?

2021 ரெகுலேஷன்ல முதல் செமஸ்டர் கணிதத்தாளோட பேரே "மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்". இந்த இரண்டும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துலயே இருக்கு. அணிகள், எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாம் அங்க வருது. பதினொன்றாம் வகுப்பை ஓரங்கட்டிட்டு நேரா பன்னிரண்டாம் பாடத்தை இரண்டு வருஷம் ஓட்டுற பள்ளிகள் இருந்தது நமக்குத் தெரியும். அந்த அஸ்திவாரம் இல்லாம வந்து, எம்-ஒன் அரியரை மூணாவது வருஷம் வரைக்கும் தூக்கிச் சுமக்கிற நண்பர் ஒருத்தராவது நம்ம எல்லா ஹாஸ்டல்லயும் இருக்கார். அவருக்கு மூளை இல்லாம இல்லை. "ஸ்கோப்" என்ற வார்த்தைக்காக, உக்காந்து படிக்கப் பிடிக்காத பாடத்துல யாரோ உக்கார வெச்சாங்க.

அதனால என் பதில் இதுதான்: கணிதத்தோட சண்டை போட்டாலும் விடாம உக்காருற பிள்ளைன்னா, கணிதம் இருக்கிற பிரிவு நல்லது. புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வர்ற பிள்ளைன்னா, திறந்த கதவு எத்தனை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

போன்ல என்ன கேக்கணும்?

1. முதல்ல, "பாப்பாகிட்ட போனைக் கொடுங்க" என்று சொல்லுங்க. பெரியவங்க பக்கத்துல இருந்தா பிள்ளைங்க பேசாது. அஞ்சு நிமிஷம் தனியாப் பேசுங்க.

2. மார்க்கைக் கேக்காதீங்க. "யாரும் சொல்லாமலே எந்தப் பாடத்தை எடுத்துப் படிப்ப?" என்று கேளுங்க. எழுபது எடுத்த பாடமா இருந்தாலும் பதில் அதுவா இருக்கலாம்.

3. "இது மட்டும் முடியாதுன்னு சொல்லிட்டா வருத்தமா இருக்கும்னு ஏதாவது வேலை இருக்கா?" இருந்தா, அந்தப் படிப்போட தகுதிப் பக்கத்தை அன்னைக்கே எடுத்துப் பாருங்க. நீங்க படிச்ச காலத்து விதியைச் சொல்லாதீங்க. வருஷா வருஷம் மாறும்.

4. அந்தப் பள்ளியில அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்காங்களா, லேப் நடக்குதா? ஊர்ல இருக்கிற பள்ளியில அந்தக் குரூப்பே இல்லைன்னா, எந்த ஊருக்குப் போகணும், பஸ் எத்தனை மணிக்கு? பொண்ணுங்க விஷயத்துல பல வீட்டுல இந்த பஸ்தான் குரூப்பை முடிவு பண்ணுது. அதை வெளிப்படையாப் பேசுங்க.

5. தனியார் பள்ளிக்கு மாத்தப் போறாங்களா? ஆறாம் வகுப்புலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. பிளஸ் ஒன்ல பள்ளி மாறினா அது போயிடும். கடன் வாங்கி ஃபீஸ் கட்டப் போறவங்ககிட்ட இதைக் கட்டாயம் சொல்லுங்க.

ஏற்கெனவே தவறா எடுத்திருந்தா?

பள்ளி திறந்த முதல் சில வாரம்னா, தலைமையாசிரியரைப் பார்த்துக் கேக்கலாம். வேற பிரிவுல இடம் இருந்தா மாத்திக் கொடுப்பாங்க. கூச்சப்பட்டு இரண்டு மாசம் தள்ளினா கஷ்டம். பன்னிரண்டாவது முடிச்சிருந்தா, கையில இருக்கிற நாலு பாடத்தை வெச்சு என்னென்ன சேரலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்க. ரிசல்ட்டுக்கு முன்னாடியே போடுங்க; கடைசி தேதி யாருக்காகவும் காத்திருக்காது. என் தங்கச்சிக்கு நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

"என்ன குரூப்?" என்று கேக்கறவங்க நம்மகிட்ட எதிர்பார்க்கறது ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை உடனே சொல்லிடாதீங்க. "ராத்திரி கூப்பிடறேன் மாமா, தம்பியைப் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க" என்று சொல்லிட்டு, சாப்பிட்டுட்டு, நிதானமா உக்காந்து கூப்பிடுங்க.