கமிட்டியில் எத்தனை பேர்?

அன்புள்ள மாப்பிள்ளை,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன். விஷயம் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே 'தி கமிட்டி கம்ப்ரைசஸ் ஆஃப் ஃபைவ் மெம்பர்ஸ்' என்று எழுதிவிட்டு, "இதில் என்ன தப்பு மாமா?" என்று வேறு கேட்கிறாய். அந்த 'ஆஃப்'தான் தப்பு. அடித்துவிடு.

கம்ப்ரைஸை நம்முடைய 'கொண்டது' மாதிரி வைத்துக்கொள். முழுசு முன்னால், பகுதிகள் பின்னால், நடுவில் ஒட்டு எதுவும் வேண்டாம். யுனைடெட் கிங்டம் கம்ப்ரைசஸ் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து, அவ்வளவுதான். 'ஆஃப்' போடாமல் கை சும்மா இருக்காதென்றால் 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' எழுது. அதற்காக 'ஈஸ் கன்சிஸ்டட் ஆஃப்' என்று எழுதி வைக்காதே. நீ செய்யக்கூடிய ஆள்.

"ஈஸ் கம்ப்ரைஸ்டு ஆஃப் என்று அகராதியிலேயே இருக்கிறதே!" என்பாய். இருக்கிறது. அதைப் பார்த்ததும் முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். உன் மேலதிகாரி எந்த ரகமோ! 'ஈஸ் கம்போஸ்டு ஆஃப்' என்று எழுது, யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நீ எழுதியது இந்த இரண்டில் எதுவும் இல்லை என்பதையும் கொஞ்சம் கவனி.

இதையெல்லாம் விடப் பெரிய தப்பு இரண்டாம் பக்கத்தில். ஐந்து பேர் என்று எண்ணிச் சொன்னவன், நாலு பெயரை எழுதிவிட்டு 'எட்செட்ரா' போட்டிருக்கிறாய். பாவம், அந்த ஐந்தாவது ஆள்! 'கன்சிஸ்ட் ஆஃப்' என்றால் பட்டியலை அடைத்தாயிற்று. ஐ.நா. சாசனத்தின் 23-ஆம் பிரிவு, பாதுகாப்பு சபைக்கு அந்தச் சொல்லைத்தான் போட்டு, 11 உறுப்பினர் என்றது. அதை 15 ஆக்க சாசனத்தையே திருத்த வேண்டியதாயிற்று. 1965-இல்தான் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. 'இன்க்ளூட்' அப்படியல்ல, சிலதைச் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தே வைக்கும். நம் அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவில் அரசு என்பது எதையெல்லாம் குறிக்கும் என்று சொல்லும் இடத்தில் இருப்பது 'இன்க்ளூட்ஸ்'தான். ஆகவே 'இன்க்ளூட்' எழுதினால் 'எட்செட்ரா' தண்டம்; 'கன்சிஸ்ட் ஆஃப்' எழுதினால் 'எட்செட்ரா' பொய்.

"இதெல்லாம் வாத்தியார்களின் பிடிவாதம், அர்த்தம் புரிந்தால் போதாதா?" என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. காப்புரிமை வக்கீல்களிடம் போய்ச் சொல்லிப் பார். ஒருவர் மூன்று சரக்கு சேர்த்து ஒரு பசை கண்டுபிடித்தார் என்று வை. விண்ணப்பத்தில் 'கம்ப்ரைசிங்' என்று எழுதியிருந்தால், போட்டிக் கம்பெனி நாலாவதாக எதையோ கலந்துவிட்டு "இது வேறு பசை" என்று நழுவ முடியாது. 'கன்சிஸ்டிங் ஆஃப்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் நழுவிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் 'கன்சிஸ்டிங் எசென்ஷியலி ஆஃப்' என்று ஒன்று உண்டு: பசையின் அடிப்படைக் குணத்தை மாற்றாத சில்லறைச் சேர்மானம் இருந்தால் பரவாயில்லை என்று பொருள். அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்காகவே மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். இதில் வேடிக்கை, ஊர்ப் பேச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற கம்ப்ரைஸ், அங்கே போனதும் வாசலைத் திறந்துவிடுகிறது. உன் ரிப்போர்ட் காப்புரிமை விண்ணப்பம் இல்லை. நீ ஊர் வழக்கத்தையே பிடித்துக்கொள்.

இன்னும் ஒன்று. மரம் மரமாகவே தெரிகிற மேசைக்கு 'மேட் ஆஃப்'. மரம் உருமாறிக் காகிதமானால் 'மேட் ஃப்ரம்'. ஆட்கள் சேர்ந்த குழுவுக்கு 'மேட் அப் ஆஃப்'. அந்த 'அப்'பை விழுங்கிவிட்டு 'டீம் ஈஸ் மேட் ஆஃப் இன்ஜினியர்ஸ்' என்று எழுதியிருக்கிறாய். இன்ஜினியர்களை அறுத்து இழைத்து டீம் செய்தாற்போல இருக்கிறது. திருத்தி, திங்கட்கிழமைக்குள் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மாமா